எவ்வளவு போகும்?

பழம்பொருள் தேடும் ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி ஓர் இலக்கிய இதழில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு நிறைய இருப்பதாகத்தான் படுகிறது. ஒரு பொருளைக் கையில் எடுத்து, அது எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று கேட்பது கதை சொல்லியின் வேலை. அந்த வேலையைத் தொலைக்காட்சி பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது. சிறப்பாகச் செய்கிறதா என்பது வேறு கேள்வி. ஆஸ்ட்ரோவில் இந்த நிகழ்ச்சிகளை விடாமல் பார்த்தவன் என்ற முறையிலும், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் என்ற முறையிலும் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். (2007இல் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். எங்க வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.)

இவற்றில் மூத்தது பிபிசியின் 'ஆன்டிக்ஸ் ரோட்ஷோ'. 1979இல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. பெரிய மாளிகை ஒன்றின் புல்வெளியில் மேசை போட்டிருப்பார்கள். மக்கள் பையிலும் போர்வையிலும் சுற்றிய சாமான்களோடு வரிசையில் நிற்பார்கள். நிபுணர் பொருளைத் திருப்பிப் பார்ப்பார். முதலில் அவர் விலை சொல்வதில்லை. "இது உங்களிடம் எப்படி வந்தது?" என்றுதான் கேட்பார். வந்தவர் தன் பாட்டியைப் பற்றியோ, காலனி நாடொன்றில் உத்தியோகம் பார்த்த தாத்தாவைப் பற்றியோ சொல்வார். அந்தக் கதைக்கு நிபுணர் ஒரு திருத்தம் போடுவார்: உங்கள் தாத்தா சொன்னது சரியில்லை, இது அவர் சொன்ன காலத்துக்குப் பிந்தியது என்று. கடைசியில்தான் விலை. விலையைக் கேட்டதும் ஒரு முகம் மாறும். அந்த முகத்தைக் காட்டுவதற்காகவே முழு நிகழ்ச்சியும் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்கள். முன்பின் தெரியாத ஒருவர் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதை, விஷயம் தெரிந்த இன்னொருவர் பொறுமையாகக் கேட்கிறார். தொலைக்காட்சியில் இது அடிக்கடி நடப்பதில்லை.

அமெரிக்கர்கள் இந்த இரண்டு நிமிடங்களைச் சுருக்கி விலையை நீட்டினார்கள். 2009இல் வந்த 'பான் ஸ்டார்ஸ்' அதற்கு உதாரணம். லாஸ் வேகாஸில் ரிக் ஹாரிசன் குடும்பத்தின் அடகுக் கடை. ஒருவர் பழைய துப்பாக்கியோடு வருவார். ரிக் அதன் வரலாற்றை மடமடவென்று ஒப்பிப்பார். பிறகு ஒரு நிபுணரைக் கூப்பிடுவார். நிபுணர் ஒரு தொகை சொல்வார். ரிக் அதில் பாதிக்குக் கேட்பார், ஏனென்றால் கடை வாடகை, விற்கப் பிடிக்கும் காலம், லாபம் எல்லாம் பார்க்கணும். பேரம் நடக்கும், கை குலுக்குவார்கள். பார்க்க ஜாலியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள்: அந்த அடகுக் கடையில் யாரும் அடகு வைப்பதைக் காட்டுவதே அரிது. வருகிறவர்கள் பெரும்பாலும் விற்க வருகிறார்கள்.

எங்களுக்கு அடகுக் கடை என்றால் வேறு. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது அம்மாக்களின் வளையல் உள்ளே போகும். மாதம் 2 விழுக்காடு வட்டி, மீட்க 6 மாதத் தவணை. கம்பிக்குப் பின்னால் உயரத்தில் உட்கார்ந்திருப்பவர் "இது உங்களிடம் எப்படி வந்தது?" என்று கேட்கமாட்டார். நகையைத் தராசில் போடுவார், உரசிப் பார்ப்பார், சீட்டு எழுதுவார். பெண்கள் அந்தச் சீட்டைத்தான் பத்திரமாக வைத்திருப்பார்கள், அரிசி டின்னுக்குள்ளும் சாமி படத்துக்குப் பின்னாலும். அடகு என்பது பொருள் திரும்பி வரும் என்ற நம்பிக்கையோடு செய்வது. 'பான் ஸ்டார்ஸ்' அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டு வெறும் விற்பனையை வைத்துக்கொண்டது. திரும்பி வருமா என்ற பதைப்பு இல்லாததால்தான் அங்கே எல்லாரும் சிரித்துக்கொண்டே போக முடிகிறது.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது 'அமெரிக்கன் பிக்கர்ஸ்'. 2010 ஜனவரியில் தொடங்கியது. மைக் வுல்ஃப், ஃபிராங்க் ஃபிரிட்ஸ் என்று இரண்டு பேர், ஒரு வேன். அயோவா மாநிலத்தில் லெ கிளேர் என்ற சின்ன ஊரிலிருந்து கிளம்பி, கிராமப்புறத்துக் கொட்டகைகளில் நுழைந்து துருப்பிடித்த சைக்கிள், பெட்ரோல் கடைப் பலகை, பழைய மோட்டார் சைக்கிள் என்று தோண்டி எடுப்பார்கள். பொருளின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். விற்க மனசில்லாதவர்களும் உண்டு. "இது என் அப்பா வாங்கினது" என்பார்கள். மைக் விடமாட்டார். கிழவர் தலையை ஆட்டுவார். சில சமயம் கடைசிவரை கொடுக்கவேமாட்டார். விற்க மறுப்பதை இவ்வளவு நேரம் காட்டிய வேறு வணிக நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை. அதற்காகவே இதை மதிக்கிறேன்.

ஆனால் இதைப் பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தியது. அந்தக் கிழவர்களுக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. ரோட்ஷோவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு பரண் இருக்கிறது. பழம்பொருள் என்பது தானாக உருவாவதில்லை. உபயோகமற்ற ஒன்றை ஐம்பது வருஷம் ஒரு மூலையில் போட்டுவைக்கச் சொந்தமாக ஒரு மூலை வேண்டும். இந்த நிகழ்ச்சிகள் எல்லாம் புதையலைக் காட்டுவதாகச் சொல்கின்றன. அவை காட்டுவது, தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையை வைத்திருந்த குடும்பங்களை.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் அந்தக் கூரை நமக்கு இருந்ததில்லை. லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒரு லோரியில் ஏறக்கூடியது மட்டும் கூட வரும். தோட்டம் கைமாறினால், ரப்பர் போய்ச் செம்பனை வந்தால், செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தால், ஒவ்வொரு முறையும் சாமான் குறையும். பித்தளைக் குடம் எடைக்குப் போகும். "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வரும் லோரி, பேப்பரோடு தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் பரணில் ஒன்றும் இல்லை என்பதற்கு நமக்கு வரலாற்று உணர்வு இல்லாததுதான் காரணம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பரணில்?

இதை 'ஸ்டோரேஜ் வார்ஸ்' பார்க்கும்போது இன்னும் கூர்மையாக உணரலாம். 2010 டிசம்பரில் வந்த நிகழ்ச்சி இது. வாடகை கட்டாதவர்களின் சேமிப்பு அறையைப் பூட்டை உடைத்துத் திறப்பார்கள். ஏலம் எடுப்பவர்கள் வாசலில் நின்று பார்க்கலாம், உள்ளே போகக்கூடாது. ஏலம் முடிந்த பிறகு பெட்டி பெட்டியாகத் திறந்து கணக்குப் போடுவார்கள். 2012இல் அதில் நடித்த டேவ் ஹெஸ்டர், சில அறைகளில் விலையுயர்ந்த பொருட்களைத் தயாரிப்பாளர்களே வைத்தார்கள் என்று சொல்லி வழக்குப் போட்டார். எல்லாரும் அதைத்தான் பேசினார்கள்: பொருள் நிஜமா, போலியா? எனக்கு வேறொன்று முக்கியமாகத் தெரிந்தது. அந்த அறைக்குள் இருப்பது யாரோ ஒருவருடைய வீடு. மெத்தை, குழந்தையின் விளையாட்டுச் சாமான், போட்டோ ஆல்பம். அவர்கள் ஏன் வாடகை கட்டவில்லை, நோயா, வேலை போனதா, செத்துப்போனார்களா, எதுவும் தெரியாது. ஆல்பத்துக்கு விலை இல்லை என்பதால் கேமரா அதைத் தாண்டிப் போய்விடும். ரோட்ஷோ கேட்கும் முதல் கேள்வியை இந்த நிகழ்ச்சி கேட்கவே முடியாது. கேட்டால் ஏலம் நின்றுவிடும்.

காலியான லயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. சுவரில் காலண்டர் தொங்கும். அடுப்பங்கரையில் உடைந்த அம்மிக்கல் கிடக்கும், தூக்கிப் போக முடியாத கனம். உலு சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் நைகல் கார்டனர், மேரி, மிஞ்ஞாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். பத்திரிகையில் அவர்கள் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்ச்சிகள் ஞாபகத்துக்கு வரும். ஒரு வீட்டின் உள்ளே இருக்கும் பொருளுக்கு நிபுணர் இருக்கிறார். அந்த வீட்டில் மூன்று தலைமுறை இருந்ததற்கு என்ன விலை என்று சொல்ல நிபுணர் இல்லை.

தேடல் நிகழ்ச்சி என்று வந்தால் 'ஓக் ஐலண்ட்' பற்றியும் சொல்லணும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சின்னத் தீவு. லகீனா சகோதரர்கள் 2014 முதல் அங்கே புதையலுக்காகத் தோண்டுவதை ஹிஸ்டரி சேனல் காட்டுகிறது. பத்து சீசனுக்கு மேல் ஆகிவிட்டது, அந்தப் புதையல் கிடைக்கவில்லை. ஒரு மரத்துண்டு, ஒரு நாணயம், ஓர் ஆணி கிடைத்தால் போதும், அடுத்த வாரத்துக்கு இழுத்துவிடுவார்கள். கிண்டலாகப் பார்க்கலாம். ஆனால் நம்மிடமும் இதே கதை உண்டு. ஜப்பான்காரன் ஓடும்போது தங்கத்தை ரப்பர்க் காட்டில் புதைத்தான், பூதம் காக்கிறது, கனவில் வந்து பலி கேட்கிறது. ஜப்பான்காரன் உண்மையில் விட்டுவிட்டுப் போனது என்ன என்று அந்தக் கதை சொல்வதில்லை. செல்லாத வாழைமர நோட்டும், சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத ஆண்களும்தான் அவன் விட்டுப்போனவை. தங்கக் கதை அந்த இடத்தை நிரப்ப வந்தது என்று நினைக்கிறேன்.

நிஜமான தேடல் ஒன்று எங்கள் பக்கம் நடந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை. அது தாளைத் தேடும் வேட்டை.

மலேசிய அரசியலமைப்பின்படி, 1957 ஆகஸ்ட் 31 அன்றோ அதற்குப் பிறகோ, 1962 அக்டோபருக்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அப்பா அம்மாவின் தகுதியும் பார்க்கப்படும். ஆக, எந்தத் தேதியில், எந்த இடத்தில் பிறந்தோம் என்று காட்டும் ஒரு தாள்தான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தைக்கு அந்தத் தாள் பல சமயம் எடுக்கப்படவில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்கணும் என்று வந்தபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். இருந்தவர்கள் சிவப்பு ஐசியோடு இருந்தார்கள், அதுவும் இல்லாதவர்கள் ஒன்றுமில்லாமல் இருந்தார்கள். 2011இல் அரசாங்கமே 'மைடஃப்தார்' என்ற பெயரில் ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய இயக்கம் நடத்தும் அளவுக்கு அது பெரிய பிரச்சினை.

அந்தத் தேடலில் எதையெல்லாம் தேடுவார்கள் தெரியுமா? தமிழ்ப்பள்ளியின் பழைய பதிவேடு. தோட்டத்து ஆபீஸ் செக்ரோல். தோட்ட ஆஸ்பத்திரி அட்டை. பிறந்ததை நேரில் பார்த்த ஒரு கிழவி. தோட்டம் மூடியிருக்கும், கிராணி எங்கே போனார் என்று தெரியாது, ஆபீஸ் இருந்த இடத்தில் செம்பனை நிற்கும். "தாத்தா, நம்ப தோட்டத்துல அம்மா பேரு எழுதின புக்கு யார்கிட்ட இருக்கும்?" என்று ஒரு பெண் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் கறையான் தின்னு போச்சும்மா" என்றார் அவர். இதற்கு மேல் பதைப்பான ஒரு காட்சியை எந்த ஓக் ஐலண்டும் காட்டியதில்லை.

பழம்பொருள் உலகத்தில் இதே கேள்விக்கு மரியாதையான ஒரு பெயர் உண்டு: பொருள் வந்த வழி. அது இருந்தால் விலை ஏறும். சுபாஷ் கபூர் வழக்கில் நடந்ததைப் பாருங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. வந்த வழியைக் காட்டும் தாள்கள் கூடவே இருந்தன, எல்லாம் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள்தான் சிலை கோவிலில் இருந்ததற்குச் சாட்சி சொன்னன. 2014இல் சிலை திரும்பியது. ஒரு திருட்டுச் சிலைக்குப் பொய்யாக ஒரு பிறப்புப் பத்திரம் தயாராகிவிடுகிறது, உலகத்தின் பெரிய நிறுவனம் ஒன்று அதை நம்புகிறது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே கிழவியான ஒருத்தி, தான் இங்கேதான் பிறந்தேன் என்று மூன்று சாட்சிகளோடு சொன்னாலும் கவுண்டரில் "வேற பத்திரம் இருக்கா?" என்கிறார்கள். இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் 'வந்த வழி' என்ற சொல்லை என்னால் உச்சரிக்க முடிவதில்லை.

இங்கிருந்து நம் எழுத்துக்கு வருகிறேன். சமீப வருஷங்களில் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் தோட்டம் ஒரு பழம்பொருள் கடை மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது. காண்டா வாளி வரும், மங்கு வரும், பெரட்டு மணி அடிக்கும், ஆயாக்கொட்டகை வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒரு பெருமூச்சு. இந்தப் பொருட்களைப் பயன்படுத்திய கை எங்கே, அந்தக் கைக்கு அன்றைக்கு என்ன சம்பளம், அந்தக் கை ஏன் நடுங்கியது என்று கதை கேட்பதில்லை. கோலாலம்பூரில் ஒரு காப்பிக் கடையில் பால் மங்கில் சின்னச் செடி வைத்து மேசைக்கு மேசை அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. நம் கதைகள் சில அந்த மேசையில் உட்கார்ந்து எழுதப்பட்டவை போல இருக்கின்றன. ஏக்கம் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஏக்கம் மட்டும் இருந்தால் வாசகன் கடைசியில் கேட்கக்கூடியது ஒன்றே: எவ்வளவு போகும்?

பொருளைப் படிக்கத் தெரிய வேண்டும். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், 1917இல் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. அவர் மலாயாவைப் பற்றி எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவருடைய பெயர் இலக்கிய வரலாற்றில் இருக்கிறது. செம்பனைக் காட்டுக்குத் தமிழில் தென்னைமரம் என்று பெயர் விழுந்திருக்கிறதே, அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தது? அந்த ஒரு சொல் எந்தப் பால் மங்கைவிடவும் பெரிய அரும்பொருள். அது அருங்காட்சியகத்தில் இல்லை, சாலைப் பலகையில் ஆங்கில எழுத்தில் நிற்கிறது. அதை வைத்து ஒரு நாவல் எழுதலாம். எழுதுகிறவர் முதலில் கேட்க வேண்டியது ரோட்ஷோ நிபுணரின் கேள்வியைத்தான்.

நியூசிலாந்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது ஒரு கப்பல் மணியின் உடைந்த பகுதி, அதில் தமிழ் எழுத்து. மொகைதீன் பக்‌ஷ் என்பவரின் கப்பலுடையது என்று பிற்பாடு படித்தார்கள். இப்போது வெலிங்டன் தெ பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்படி அங்கே போனது என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைக் காப்பாற்றியது அடுப்பு. யாரும் அதைப் பொக்கிஷமாக நினைத்திருந்தால் எப்போதோ கைமாறிக் காணாமல் போயிருக்கும். எங்கள் வீடுகளிலும் மிஞ்சியவை புழங்கிக்கொண்டிருந்தவைதான்: விபூதி வைத்த மங்கு, இன்னும் தைக்கிற மிஷின், இன்னும் வெட்டுகிற கத்தி.

2024இல் ஆன்டிக்ஸ் ரோட்ஷோவில் ரோனி ஆர்ச்சர்-மோர்கன் என்ற நிபுணரிடம் அடிமை வணிகத்தோடு தொடர்புள்ள, தந்தத்தால் ஆன ஒரு பொருளைக் கொண்டுவந்தார்கள். அவருடைய முன்னோர்களிலும் அடிமையாக இருந்தவர்கள் உண்டு. அவர் அதன் கதையை முழுவதும் சொன்னார், கொண்டுவந்ததற்கு நன்றி சொன்னார், விலை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். நான் பார்த்த இந்த வகை நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் சிறந்த விமர்சனம் அந்தச் சில நிமிடங்கள்தான். அவர் மறுத்ததால் அந்தக் கதையை முடித்துவைக்க ஒரு தொகை கிடைக்கவில்லை. தோட்டத்தைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் அந்த மறுப்பிலிருந்து தொடங்கலாம். பொருளை எடுங்கள், வந்த வழியைக் கேளுங்கள், யாருக்கு அந்த வழியைக் காட்டும் தாள் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். பதிவேட்டைக் கறையான் தின்ற வீடுகள் பத்தாங் பெர்ஜுந்தையிலும் புக்கிட் ரோத்தானிலும் இன்னும் இருக்கின்றன. அங்கே உள்ள கிழவிகளுக்குத் தேதி ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். எந்த நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது இடுப்பு வலி எடுத்தது என்பது நன்றாக ஞாபகம் இருக்கும்.